பாதிச் சமையலை ஜாடி பார்த்துக்கொள்ளும்

நகோயாவில் நாங்கள் குடியிருந்தது ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில். ஜனவரி மாதம் ஒரு மாலை, காய்கறிப் பையோடு படியேறி வந்தபோது நடைவழி முழுக்க ஒரு வாசனை நின்றுகொண்டிருந்தது. வேகிற பருப்பும் கருவாட்டுக் குழம்பும் ஈர வைக்கோலும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி ஒரு மணம். ஊரைவிட்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஊரில் முதல்முறையாக எனக்கு நாக்கில் நீர் ஊறியது அன்றைக்குத்தான்.

எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்த பெண் ஓடிவந்து தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள். வாசனை வெளியே வந்துவிட்டதாம்.

"ரொம்ப நல்லா இருக்கு. என்ன குழம்பு இது?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "தென்ஜாங் ச்சிகே. எங்க ஊர்க் குழம்பு. உள்ள வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள்.

அவள் தென்கொரியாவின் ஜொன்ஜு நகரத்துக்காரி. என்னைவிட ஆறு வயது இளையவள். அடுத்த வாரமே என்னை 'ஒன்னி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கொரிய மொழியில் ஒரு பெண் தன் அக்காவைக் கூப்பிடும் சொல் அது. நகோயாவில் இருந்த இரண்டு வருடமும் அவள் அடுப்படியில் கொரியச் சமையலையும், நான் வசித்த ஊரில் ஜப்பானியச் சமையலையும் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

கிம்ச்சி, ராமென், சுஷி, தொக்போக்கி எல்லாம் இன்று நம் பிள்ளைகள் வாயில் சாதாரணமாகப் புழங்கும் பெயர்கள். செய்முறை காட்டும் வீடியோக்களும் ஏராளம். ஆனால் அவற்றைப் பார்த்துச் செய்கிற பலர், "எல்லாம் போட்டேன், ருசி வரலை" என்று என்னிடம் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. அந்த இரண்டு நாட்டுச் சமையலிலும் ருசியின் பெரும்பகுதி அடுப்பு பற்றவைப்பதற்குப் பல மாதங்கள் முன்பே ஜாடிக்குள் உருவாகிவிடுகிறது. அடுப்பில் நாம் செய்வது கடைசிப் பத்து நிமிட வேலை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

மலைபோல் கல் ஏற்றிய பீப்பாய்கள்

நகோயாவுக்குப் பக்கத்தில் ஒகசாகி என்று ஓர் ஊர். ஜப்பானின் புகழ்பெற்ற ஆட்சியாளர் தொகுகாவா இயெயாசு பிறந்த கோட்டை அங்கே இருக்கிறது. அந்தக் கோட்டைக்கு மேற்கே எட்டு 'ச்சோ' தூரத்தில், அதாவது சுமார் 870 மீட்டரில் இருந்த கிராமத்துக்கு ஹச்சோ என்று பெயர். 'எட்டு ச்சோ' என்பதுதான் பொருள். அந்த இடத்தில் தயாராகும் மிசோ என்னும் சோயா விழுதுக்கும் அதே பெயர்: ஹச்சோ மிசோ.

பிப்ரவரியில் நாங்கள் இருவரும் அங்கே போனோம். ஆள் உயரத்துக்கு மேலான தேவதாரு மரப் பீப்பாய்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 6 டன் மிசோ. அதன் மேல் ஆற்றுக் கற்களைக் கோபுரம் மாதிரி கையால் அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கற்களே சுமார் 3 டன் இருக்கும். நிலநடுக்கம் வந்தாலும் சரியாதபடி அடுக்க வேண்டும் என்பதால், கல் அடுக்குவது தனி வித்தை. இப்படி இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமும் அந்தப் பாரத்தின் கீழ் மிசோ கிடக்கிறது.

உள்ளே இருப்பது என்ன? சோயா பீன்ஸ், உப்பு, தண்ணீர். இவற்றோடு கோஜி என்னும் பூஞ்சணம். ஜப்பானியச் சமையலில் கோஜியை விட்டுவிட்டால் எதுவும் மிஞ்சாது. மிசோ, ஷோயு என்கிற சோயா சாஸ், மிரின் என்கிற இனிப்புச் சமையல் மது, அரிசி வினிகர், சாக்கே மது எல்லாமே இந்தப் பூஞ்சணத்தின் தயவில்தான் பிறக்கின்றன. அது மாவுச்சத்தை இனிப்பாகவும், புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைக்கிறது. அந்த அமினோ அமிலங்களில் ஒன்றான குளூட்டமேட்தான் நாக்கில் அடியாழத்தில் தங்கும் அந்தச் சுவையைத் தருகிறது. 2006இல் ஜப்பானின் நொதித்தல் துறைச் சங்கம் கோஜியை நாட்டின் பூஞ்சணமாகவே அறிவித்தது.

பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்த என் தோழி, "எங்கம்மா வீட்டுக் கொல்லை வாசனை" என்றாள். அது தற்செயல் இல்லை. ஜப்பானின் பெரும்பாலான மிசோக்களில் அரிசியோ பார்லியோ கலந்திருக்கும். ஒகசாகிப் பக்கத்து மிசோ முழுக்க சோயா பீன்ஸால் ஆனது. அதனால்தான் அது கொரியாவின் தென்ஜாங்குக்கு உடன்பிறந்தது மாதிரி மணக்கிறது.

ஒரே ஜாடியில் இரண்டு பொருள்

தென்ஜாங் செய்யும் விதத்தை அந்த வருடம் அவள் அம்மா வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். சோயா பீன்ஸை மணிக்கணக்காக வேகவைத்து, உரலில் இடித்து, செங்கல் மாதிரிப் பிடிக்கிறார்கள். அதற்கு மெஜு என்று பெயர். வைக்கோல் கயிற்றில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டால், வைக்கோலிலும் காற்றிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் குடியேறுகின்றன. வாரக்கணக்கில் காய்ந்து, வெடித்து, மேலே பூஞ்சணம் பூக்கும்.

பிறகு அதைக் கழுவிக் காயவைத்து, பெரிய மண் ஜாடியில் உப்புக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். உப்பு போதுமா என்று பார்க்க ஒரு முட்டையை மிதக்கவிடுவார்கள். தண்ணீருக்கு மேல் தெரியும் முட்டையின் வட்டம் 500 வோன் நாணயம் அளவு இருந்தால் சரி. மேலே இரண்டு மூன்று கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இலந்தைப்பழம் போல ஒரு காய்ந்த பழம். நாற்பதிலிருந்து அறுபது நாள் கழித்து வடிகட்டினால் திரவம் கன்ஜாங் என்னும் சோயா சாஸ். அடியில் தங்கிய விழுது தென்ஜாங். ஒரே ஜாடியில் இரண்டு பொருள். இரண்டும் அதற்குப் பிறகு தனித்தனி ஜாடிகளில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் முதிர்கின்றன.

மூன்றாவது ஜாடி கொச்சுஜாங். மெஜுப் பொடி, ஒட்டும் அரிசிக் கூழ், முளைகட்டிய பார்லி மாவு, மிளகாய்ப்பொடி, உப்பு எல்லாம் கலந்து நொதிக்கவிடும் சிவப்பு விழுது இது. காரம், இனிப்பு, உப்பு மூன்றும் ஒரே கரண்டியில் வரும். கொரியச் சமையலறையில் இந்த மூன்று ஜாடியும் இருந்தால் போதும். நம் அஞ்சறைப்பெட்டி செய்கிற வேலையை அவர்களுக்கு இவை செய்கின்றன.

2024 டிசம்பரில் கொரியாவின் இந்த 'ஜாங்' செய்யும் மரபையும், கோஜியைக் கொண்டு சாக்கே வடிக்கும் ஜப்பானின் மரபையும் யுனெஸ்கோ ஒரே கூட்டத்தில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒகசாகியில் மூச்சை இழுத்து நின்றவளுக்கு உடனே அந்தச் செய்தியை அனுப்பினேன்.

இனி அன்று நடைவழியில் மணந்த அந்தக் குழம்பு. தென்ஜாங் ச்சிகே இருவருக்கு:

அரிசி களைந்த தண்ணீர் மூன்று கப். முதல் கழுநீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது, மூன்றாவது தண்ணீரை எடுங்கள். கொரிய அம்மாக்கள் அதைக் குழம்புக்கென்றே எடுத்துவைக்கிறார்கள். கழுநீரைக் கொட்டாமல் வைக்கும் பழக்கம் நம் பாட்டிகளுக்கும் உண்டு என்று சொன்னபோது அவள் நம்பவேயில்லை. தலையும் குடலும் நீக்கிய நெத்திலிக் கருவாடு ஏழெட்டு, உள்ளங்கை அளவு கடற்பாசித் துண்டு ஒன்று, இரண்டையும் அதில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து எடுத்துவிடுங்கள். இரண்டரை மேசைக்கரண்டி தென்ஜாங்கைக் கரைத்து ஊற்றுங்கள். சதுரமாக நறுக்கிய ஓர் உருளைக்கிழங்கு, அரை வெங்காயம், நான்கு பல் பூண்டு. உருளை வெந்ததும் சுரைக்காய் வகையைச் சேர்ந்த இளம் சுக்கினி, டோஃபு, கீறிய பச்சை மிளகாய். இன்னும் ஐந்து நிமிடம். மண்சட்டியில் தளதளவென்று கொதிக்கக் கொதிக்கவே பரிமாறுவார்கள். சூடான சோறும் கிம்ச்சியும் பக்கத்தில் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

கொதிக்கவிடக் கூடாத சாறு

கொரியக் குழம்புக்கு நெத்திலியும் கடற்பாசியும் எப்படியோ, ஜப்பானியச் சமையலுக்குத் தாஷி அப்படி. மிசோ சூப், உடோன் நூடுல்ஸ், முட்டைக் கலவை, காய்கறி வேகவைப்பது எல்லாம் இந்தத் தெளிந்த சாற்றில்தான் தொடங்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு போட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். கொம்பு என்றால் ஹொக்கைடோத் தீவுக் கடலில் விளையும் தடித்த கடற்பாசி. அதன் மேலிருக்கும் வெள்ளைப் பொடியைக் கழுவிவிடாதீர்கள், ருசி அதில்தான். சிறு தீயில் வைத்து, பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்ததும் கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். பிறகு தண்ணீர் ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து 20 கிராம் கட்சுவோபுஷிச் சீவல் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் அது அடியில் அமரும். துணியில் வடிகட்டுங்கள், பிழியாதீர்கள். அவ்வளவுதான்.

கட்சுவோபுஷி என்பது சூரை மீன். வேகவைத்து, முள் நீக்கி, பலமுறை புகையிலிட்டு, பூஞ்சணம் ஏற்றி வெயிலில் காயவைத்து, திரும்பத் திரும்ப இதையே செய்து மாதக்கணக்கில் உருவாக்குகிறார்கள். முடிவில் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டை மாதிரி ஒலிக்கும். தச்சர் இழைப்புளி மாதிரி ஒரு பெட்டியில் சீவித்தான் எடுக்க வேண்டும். இதன் நெருங்கிய உறவு நம் பக்கமே இருக்கிறது. மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும் செய்கிற மாசிக் கருவாடு அதே சூரை மீன்தான். அதுவும் வேகவைத்து, புகையிட்டு, காயவைத்தது. பூஞ்சணம் ஏற்றும் கட்டம் மட்டும் அதில் இல்லை. யாழ்ப்பாணத்துச் சம்பலில் மாசி சேர்க்கும்போது நடப்பதும், தாஷியில் சீவல் போடும்போது நடப்பதும் ஒன்றேதான். ஊர் திரும்பிய பிறகு கட்சுவோபுஷி கிடைக்காத நாளில் மாசியை இடித்துப்போட்டுச் செய்து பார்த்தேன். புகைமணம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மிசோ சூப்புக்கு அருமையாகப் பொருந்தியது.

1908இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் இகேதா கிக்குனாயே இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் கொதாமா ஷின்தாரோ கட்சுவோபுஷியில் இனோசினேட்டைக் கண்டார். 1957இல் குனினாகா அகிரா காளானில் குவானிலேட்டைக் கண்டறிந்ததோடு, இவை தனியாக இருப்பதைவிடக் குளூட்டமேட்டோடு சேரும்போது சுவை பல மடங்கு கூடுவதையும் காட்டினார். கடற்பாசியோடு மீனைச் சேர்த்தால் ருசி ஏன் பெருகுகிறது என்பதற்கு விடை அது. கொரிய அம்மாவின் நெத்திலிக்கும் கடற்பாசிக்கும் அதே விடைதான்.

தாஷி கையில் இருந்தால் மிசோ சூப் ஐந்து நிமிட வேலை. நான்கு கப் தாஷியில் டோஃபுத் துண்டு, ஊறிய வக்காமே பாசி போட்டுச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மூன்று மேசைக்கரண்டி மிசோவைக் கரைத்துவிடுங்கள். வெங்காயத்தாள் தூவுங்கள். மிசோ போட்ட பிறகு கொதித்தால் மணம் போய்விடும். தென்ஜாங் கொதிக்கக் கொதிக்க ருசி ஏறும், மிசோ கொதித்தால் வாடும். ஒகசாகி மிசோ மட்டும் இதற்கு விலக்கு. நகோயாவின் மிசோ நிக்கோமி உடோன் அந்த மிசோவிலேயே மண்சட்டியில் கொதித்து வருவது. தென்ஜாங்கின் சொந்தம் என்று சொன்னேனே, குணமும் அப்படியே.

ஓயாகோதோன் என் பிள்ளைகளுக்குப் பிடித்தது. பெயரின் பொருள் 'பெற்றவரும் பிள்ளையும்', அதாவது கோழியும் முட்டையும். கால் கப்புக்குச் சற்று அதிகமான தாஷியில் ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ், அதே அளவு மிரின், அரைத் தேக்கரண்டி சர்க்கரை. நீளமாக நறுக்கிய அரை வெங்காயத்தையும் 120 கிராம் எலும்பில்லாத கோழித் தொடைக்கறியையும் அதில் வேகவிடுங்கள். கறி வெந்ததும் இரண்டு முட்டையை லேசாக மட்டும் கலக்கிச் சுற்றிலும் ஊற்றி, மூடிவைத்து, முக்கால் பதம் வந்ததும் சூடான சோற்றின் மேல் சரித்துவிட வேண்டும். அதிகமாகக் கலக்கினால் பொரியல் ஆகிவிடும். மஞ்சளும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஜொன்ஜுவில் ஒரு கிம்ஜாங்

நவம்பர் கடைசியில் அவள் என்னைத் தன் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனாள். குளிர்காலம் முழுமைக்கும் தேவையான கிம்ச்சியை ஊரே கூடிச் செய்யும் கிம்ஜாங் சமயம் அது. தென்கொரியாவின் கிம்ஜாங்கும் ஜப்பானின் வாஷொக்கு உணவு மரபும் 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. வடகொரியாவின் கிம்ச்சி மரபு 2015இல் சேர்ந்தது. எல்லைக்கோடு எங்கே இருந்தால் என்ன, ஜாடிக்குள் இருப்பது ஒன்றே.

முற்றத்தில் நாற்பது முட்டைக்கோஸ் முந்தின நாளே உப்பில் படுத்திருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆறேழு பேர் ரப்பர் கையுறையோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். மிளகாய்ப்பொடி எவ்வளவு, பூண்டு எவ்வளவு என்று குறித்துக்கொள்ள நோட்டை எடுத்தபோது அம்மா என் கையைப் பிடித்துத் தொட்டிக்குள் வைத்துவிட்டார். "சொன்மாத்" என்றார். 'சொன்' என்றால் கை, 'மாத்' என்றால் ருசி. "இதுக்கு எங்க மொழியிலும் வார்த்தை இருக்கும்மா. கைப்பக்குவம்னு சொல்லுவோம்" என்றேன். அவள் மொழிபெயர்த்துச் சொன்னதும் வட்டமே சிரித்துக் கைதட்டியது.

வீட்டுக்கு வந்து நான் செய்து செய்து சரிபார்த்த அளவு இது. 2 கிலோ சீன முட்டைக்கோஸ் கிம்ச்சிக்கு:

முட்டைக்கோஸை நீளவாக்கில் நான்காகப் பிளந்து நனைத்து, 200 கிராம் கல்லுப்பை இலை இலையாகத் தூவுங்கள். தண்டுப் பகுதிக்கு அதிகம் போகட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுங்கள். வெள்ளைத் தண்டு ஒடியாமல் வளைந்தால் போதும். நம் வெயிலுக்கு அது நான்கைந்து மணி நேரத்திலேயே வந்துவிடும். மூன்று முறை அலசி, ஒரு மணி நேரம் கவிழ்த்துவைத்து நீரை வடியவிடுங்கள்.

ஒரு கப் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி அரிசி மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சி ஆறவிடுங்கள். நுண்ணுயிர்களுக்கு முதல் சாப்பாடு இதுதான். அதில் 90 கிராம் கொரிய மிளகாய்ப்பொடி, அரைத்த பூண்டு இருபது பல், சிறு துண்டு இஞ்சி, அரை வெங்காயம், அரை பேரிக்காய், கால் கப் மீன் சாஸ், இரண்டு மேசைக்கரண்டி உப்பிட்ட பொடி இறால். தீக்குச்சி மாதிரி நறுக்கிய 300 கிராம் முள்ளங்கியும் வெங்காயத்தாளும் சேர்த்துக் கலக்குங்கள். ஒவ்வோர் இலைக்கும் இடையில் பூசி, வெளி இலையால் இறுகச் சுற்றி, காற்று இல்லாமல் ஜாடியில் அமுக்குங்கள். மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். பொங்கும்.

கொரியக் குளிரில் இது வெளியே நாட்கணக்கில் இருக்கும். நம் ஊரில் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் போதும். குமிழ் தெரிந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். முதலில் லியூகோனோஸ்டாக் வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கி அந்தச் சுர்ரென்ற ருசியைத் தரும். புளிப்பு ஏற ஏற லாக்டோபேசில்லஸ் பொறுப்பெடுக்கும். நம் இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதும் இதே குடும்பத்தாரின் வேலைதான்.

கொரிய மிளகாய்ப்பொடி விதை நீக்கிய, கொரகொரப்பான, காரம் குறைந்த பொடி. கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயின் விதையைத் தட்டி எடுத்துவிட்டுக் கரகரப்பாகப் பொடியுங்கள். நம் வீட்டுக் குண்டு மிளகாய்ப்பொடியை இதே அளவில் போட்டால் வாயில் வைக்க முடியாது. மிளகாய் நமக்கு வந்த மாதிரியே அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. 1614இல் எழுதப்பட்ட ஒரு கொரிய நூல் அது ஜப்பான் வழியாக வந்ததாகக் குறிப்பிடுகிறது. மிளகாய் சேர்த்த கிம்ச்சிச் செய்முறை 1766ஆம் ஆண்டு நூலில் இருக்கிறது. மிளகாய் வருவதற்கு முன் கிம்ச்சி இப்படிச் சிவப்பாக இல்லை. பெக் கிம்ச்சி என்ற பெயரில் மிளகாய் இல்லாத அந்த வகை இன்றும் உண்டு. குழந்தைகளுக்கு அதைச் செய்து கொடுங்கள்.

வேலை முடிந்ததும் வேகவைத்த பன்றிக்கறித் துண்டை அப்போது பூசிய கிம்ச்சி இலையில் சுருட்டி, அம்மா ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டினார். எனக்கு மட்டும் டோஃபு வைத்துச் சுருட்டித் தந்தார். நான் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை என்று மகள் எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

சோறும் அதன் மேல் வருவதும்

பிபிம்பாப் ஜொன்ஜுவின் பெருமை. பிபிம் என்றால் கலந்த, பாப் என்றால் சோறு. கலப்பது சாப்பிடுகிறவர் வேலை. சமைக்கிறவர் ஒவ்வொரு காயையும் தனித்தனியாகப் பக்குவம் செய்ய வேண்டும். கீரையை அரை நிமிடம் மட்டும் வெந்நீரில் காட்டி, குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்து, சோயா சாஸ், பூண்டு, எள்ளெண்ணெய் விட்டுப் பிசறுங்கள். முளைகட்டிய பயறும் அப்படியே. கேரட்டையும் காளானையும் தனியாக வதக்குங்கள். சோற்றின் மேல் நிறம் பார்த்து அடுக்கி, நடுவில் ஒரு முட்டை. இரண்டு மேசைக்கரண்டி கொச்சுஜாங், ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெய், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் வினிகர், தண்ணீர் கலந்தால் மேலே விடும் சாறு தயார். இங்கே ஒரு விஷயம்: நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து ஆட்டியது. அவர்களுடையது வறுத்த எள்ளிலிருந்து எடுத்தது. அது இல்லாவிட்டால் எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கித் தூவுங்கள். மணம் பக்கத்தில் வந்துவிடும்.

தொக்போக்கியின் அரிசிக்கட்டி நம் கொழுக்கட்டைக்குச் சித்தி பிள்ளை. அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, நன்றாக இடித்து, விரல் பருமனில் நீட்டுவது. 300 கிராமுக்கு இரண்டு கப் நெத்திலிச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி கொச்சுஜாங், மிளகாய்ப்பொடி, சர்க்கரை, சோயா சாஸ் தலா ஒரு மேசைக்கரண்டி. சாறு கெட்டியாகிக் கட்டியில் ஒட்டும்வரை பத்து நிமிடம் கிளறுங்கள். சியோலின் சிந்தாங்-தொங் பகுதி இதற்குப் பேர்போனது.

கிம்பாப்பும் சுஷியும் ஒன்றுதானே என்று பலர் கேட்கிறார்கள். இரண்டிலும் சோறும் கடற்பாசித் தாளும் இருக்கின்றன. கிம்பாப் சோற்றில் எள்ளெண்ணெயும் உப்பும், உள்ளே பெரும்பாலும் சமைத்த பொருட்கள். சுஷிச் சோற்றில் வினிகரும் சர்க்கரையும் உப்பும். அந்த வினிகருக்கு ஒரு கதை இருக்கிறது. பழங்காலத்துச் சுஷி என்பது மீனைக் கெடாமல் வைக்கும் வழி. உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் வைப்பார்கள். சோறு நொதித்துப் புளிக்கும், அந்தப் புளிப்பில் மீன் கெடாது. ஷிகா மாவட்டத்து பிவா ஏரிக்கரையில் ஃபுனாசுஷி என்ற பெயரில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். காலப்போக்கில் காத்திருக்கும் நாட்கள் குறைந்தன. அந்தப் புளிப்பை வினிகரால் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், கையால் பிடிக்கும் நிகிரி சுஷி பிறந்தது. கடையில் அரை நிமிடத்தில் தட்டில் வைக்கப்படும் சுஷிக்குப் பின்னாலும் ஒரு ஜாடி இருந்திருக்கிறது.

வீட்டில் செய்ய, இரண்டு கப் அரிசி வடித்த சூடான சோற்றுக்கு நான்கு மேசைக்கரண்டி அரிசி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. மரக் கரண்டியால் வெட்டுவது போல் கலந்து விசிறுங்கள். குட்டை அரிசி கிடைக்காவிட்டால் புதுப் பச்சரிசி ஓரளவு ஒட்டும். புழுங்கலரிசியில் வராது.

ராமென் கடைகளில் எலும்பைப் பன்னிரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். அதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றும் ஒரு கரண்டி 'தாரே'தான் அந்தக் கடையின் ருசி. அது பெரும்பாலும் சோயா சாஸிலோ மிசோவிலோ பிறந்தது. மறுபடி ஜாடிதான்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு

மீன் இல்லாமல் முடியாது என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாட்டிலும் பௌத்த மடங்களின் சமையல் முழுக்கச் சைவம். கொம்பு ஒரு துண்டு, காய்ந்த ஷிடாக்கே காளான் நான்கு, ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீர். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறினால் மடத்துத் தாஷி தயார். கிம்ச்சியில் மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸும் கொஞ்சம் உப்பும் போடுங்கள். கொரிய மடங்களில் பூண்டு, வெங்காய வகைகளும் சேர்ப்பதில்லை. கடையில் மிசோ வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். சிலவற்றில் மீன் தாஷி ஏற்கெனவே கலந்திருக்கும்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது நான்கே பொருள்: தென்ஜாங் அல்லது மிசோ, கொச்சுஜாங், நல்ல சோயா சாஸ், கடற்பாசி. ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் இருக்கும்.

புளித்துப்போன கிம்ச்சி

இப்போது மதுரையில் இருக்கிறோம். போன மாதம் ஃபிரிட்ஜின் பின்வரிசையில் மறந்துபோன ஒரு ஜாடி அகப்பட்டது. மூன்று மாதம் ஆன கிம்ச்சி. திறந்ததும் புளிப்பு மூக்கில் ஏறியது. கொட்டிவிடலாமா என்று அவளுக்கு வீடியோவில் காட்டினேன்.

"ஐயோ ஒன்னி, கொட்டிடாதீங்க! இப்பதான் அது ச்சிகேவுக்குப் பக்குவமா வந்திருக்கு. புதுசுல செஞ்சா நல்லாவே இருக்காது" என்றாள்.

அப்படியே அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். இரண்டு கப் புளித்த கிம்ச்சியை நறுக்கி, எண்ணெயில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு ஐந்து நிமிடம் வதக்கினேன். அவர்கள் வீட்டில் பன்றிக்கறியோ டின் சூரை மீனோ சேர்ப்பார்கள். நான் காளான் போட்டேன். ஜாடியில் தேங்கியிருந்த சாறு அரை கப், நெத்திலிச் சாறு இரண்டு கப், கொச்சுஜாங் ஒரு கரண்டி. மூடிவைத்து இருபது நிமிடம். கடைசியில் டோஃபு, வெங்காயத்தாள்.

கொதிக்கிற நேரத்தில் அழைப்புமணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண் நின்றிருந்தாள்.

"என்னக்கா குழம்பு வைக்கிறீங்க? வாசம் படிக்கட்டு வரைக்கும் வருது."

"உள்ள வாம்மா" என்று சொல்லி இன்னொரு தட்டு எடுத்துவைத்தேன்.